லாபம் மனை விற்றவருக்கு, வெள்ளம் ஊருக்கா?

சென்னையின் புறநகர்களில் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. சுவரின் அடியை வெட்டி, வரிசையாக ஜாக்கிகளைச் செருகி, அங்குலம் அங்குலமாக வீட்டை மூன்று நான்கு அடி உயர்த்துகிறார்கள். செலவு லட்சக்கணக்கில். வீட்டுக்கடன் தவணையே முடியாத குடும்பம் இதற்கும் கடன் வாங்குகிறது. கடன் தீராத வீட்டுக்குள் தண்ணீர் புகுகிறது. வெள்ளத் தடுப்புக்கு இன்று பணம் கட்டுபவர்கள் இவர்கள்தாம். வெள்ளத்துக்கு வழிவகுத்தவர்கள் கட்டவில்லை. இது அநீதி.

அப்படிப்பட்ட புறநகர்களான முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றின் தலைப்பகுதியில் இருப்பவை. மேலே ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகள் நிரம்பினால் உபரிநீர் கலங்கல் வழியாக இறங்கி, இங்கே வயல்வெளியில் பரவி, மெல்ல ஆற்றில் சேரும். அந்த வயல்கள் மனைகளாயின. மண் அடித்து மேடாக்கியவர் விற்றுவிட்டுப் போனார். அவர் ஒதுக்கிய தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குப் போனது.

இதில் முதல் குற்றவாளி அரசுதான். ஆற்றுச் சமவெளியில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று வரையறுக்கும் மாதிரி மசோதாவை மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பியது 1975இல். தமிழ்நாட்டில் எத்தனையோ ஆட்சிகள் மாறின. அப்படியொரு சட்டம் வரவில்லை. மாறாக, அனுமதியில்லாத மனைப்பிரிவுகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தும் திட்டம் 2017இல் வந்தது. 2015 வெள்ளத்தை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அதை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே சொன்னார். அதன்பிறகும் பாடம் படிக்காமல், 2023இல் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் படகு விட்டோம்.

ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் நிவாரணம் தரப்படுகிறது: 2015இல் குடும்பத்துக்கு 5,000 ரூபாய், 2023இல் 6,000 ரூபாய். நனைந்த மெத்தைக்கும் பழுதான குளிர்பதனப் பெட்டிக்குமே அது போதாது. வடிகாலுக்கோ வெளிக்கடன். கொசஸ்தலையாற்றுப் படுகைக்கு ஆசிய வளர்ச்சி வங்கியிடமும், கோவளம் படுகைக்கு ஜெர்மனியின் கே.எப்.டபிள்யூ. வங்கியிடமும் கடன் வாங்கியிருக்கிறோம். வேலை அவசியமானது, கடனும் தவறல்ல. ஆனால் வட்டியும் அசலும் கட்டப்போவது பொதுப்பணம். சதுப்பு ஓரத்தில் அடுக்குமாடி விற்று லாபம் பார்த்தவரும், ஒண்டுக்குடித்தனத்தில் தீப்பெட்டிக்கும் வரி கட்டுபவரும் அதில் ஒரே தட்டில் நிற்கிறார்கள்.

ஏழைக்கு மட்டும் தண்டனை உடனே கிடைத்துவிடுகிறது. ஆற்றோரக் குடிசைகள் ஆக்கிரமிப்பு என்று இடிக்கப்பட்டன. குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. அதுவோ பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி! பட்டா வைத்திருப்பவரின் சுற்றுச்சுவரை நெருங்க மட்டும் புல்டோசருக்கு வழி தெரிவதில்லை.

பெரிய கட்டடங்களுக்குத் திட்ட அனுமதி தரும்போதே உட்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம் வாங்கப்படுகிறது. எந்தப் படுகையில் எவ்வளவு வசூலானது, அதில் எவ்வளவு அந்தப் படுகையின் வடிகாலுக்குப் போனது என்பதை அரசு வெள்ளை அறிக்கையாக வைக்க வேண்டும். இனி, மண்ணை மூடிக் கான்கிரீட் போடும் பரப்புக்கு ஏற்ப வடிகால் கட்டணம் தனியாக வாங்க வேண்டும். அந்தப் பணம் அந்தந்தப் படுகையின் தனிக்கணக்கில் இருக்க வேண்டும். சம்பளத்துக்கோ சாலைக்கோ அதைத் தொடக்கூடாது. சிறு வீடுகளுக்கு விலக்கு வேண்டும். மழைநீரைத் தன் வளாகத்திலேயே தேக்குபவருக்குச் சலுகை தரலாம்.

வீட்டு விலை ஏறும், வாங்குபவர் தலையில்தான் விழும் என்று கட்டுமானத் துறையினர் சொல்வார்கள். விழட்டும் என்று நாம் சொல்லவில்லை. கட்டணம் உண்டென்று முன்பே தெரிந்தால் தாழ்வான நிலத்தின் விலைதான் முதலில் இறங்கும். இன்று அந்தச் செலவு மறைக்கப்பட்டு, வீடு வாங்கிய பிறகு ஜாக்கிக் கூலியாக வந்து சேர்கிறது.

கட்டணம் கட்டினால் எங்கும் கட்டலாம் என்றும் ஆகிவிடக்கூடாது. கலங்கல் நீர் போகும் பாதைக்கு விலையே கிடையாது; அங்கே அனுமதி கூடாது, கொடுத்த அதிகாரி பதில் சொல்ல வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் வெள்ளச் சமவெளிச் சட்டத்தைப் பேரவையில் கொண்டுவருவது அரசின் கடமை.