சுவரை உடைக்குமுன் அலமாரியைக் காலி செய்யுங்கள்



இம்மாதம் வந்த கடிதங்களில் ஒன்று என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்துவிட்டது. யோங் பெங் பக்கத்துத் தாமான் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

அவர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள் லயத்தில் இருந்துவிட்டு, தாமானில் ஒரு தெரஸ் வீடு வாங்கிக் குடிவந்தவர். சீட்டுப் பணத்தில் ஆசை ஆசையாகச் சமையலறைக்குப் பலகை அலமாரி போட்டார். 2023 மார்ச் மாதம் வெள்ளம் வந்தது. முழங்கால் அளவு தண்ணீர். நிவாரண மையத்திலிருந்து வீடு திரும்பியபோது, அலமாரியின் கீழ்ப்பாதி தேநீரில் ஊறிய ரொட்டி போல உப்பிக் கிடந்ததாம். அன்று முதல் சரியாக மூடாத அந்தக் கதவுகளோடுதான் குடித்தனம்.

இப்போது அடுத்த சீட்டு கைக்கு வரப்போகிறது. ஒன்பதாயிரம் வெள்ளி. பின்சுவரை உடைத்துச் சமையலறையைப் பெரிதாக்கலாம் என்கிறார் கணவர். மகள் கைப்பேசியில் அழகழகான படங்களைக் காட்டுகிறாள். “அக்கா, எனக்குப் பணம் ஒருமுறைதான் வரும். தண்ணீர் எத்தனை முறை வருமோ தெரியாது. எதை முதலில் செய்வது?” என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. அந்தச் சகோதரிக்குச் சொல்வதை எல்லாருக்குமாகவே சொல்லிவிடுகிறேன்.

முதல் வேலைக்குக் காசு வேண்டாம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறையை முழுவதுமாகக் காலி செய்யுங்கள். எல்லாவற்றையும் ஹாலில் பாய் விரித்துப் பரப்புங்கள். பிறகு நான்கு குவியலாகப் பிரியுங்கள். தினமும் தொடுவது ஒன்று. வாரம் ஒருமுறை எடுப்பது இரண்டு. தீபாவளி, பொங்கல் என்று ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை எடுக்கும் முறுக்கு அச்சு, பெரிய அண்டா போன்றவை மூன்று. தொடாமலே கிடப்பவை நான்கு.

என் வீட்டில் இதைச் செய்தபோது மூடியில்லாத டப்பா பதினான்கும், டப்பாவில்லாத மூடி ஒன்பதும் கிடைத்தன. இவற்றுக்காகத்தானா இத்தனை நாள் ‘இடம் போதவில்லை’ என்று வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது!

நான்காவது குவியலைத் தூக்கிக் கொடுத்துவிட்டால், பல வீடுகளில் சமையலறை தானாகவே பெரிதாகிவிடும். மாமியார் கொண்டுவந்த பித்தளைப் பாத்திரத்தை எறியச் சொல்லவில்லை. அது குடும்பச் சொத்து. ஆனால் கைக்கெட்டும் தட்டு அதற்கு வேண்டாம். மேல்தட்டில் மரியாதையோடு இருக்கட்டும்.

லயத்துச் சமையலறையை நினைத்துப் பாருங்கள். ஒரு விறகடுப்பு, சுவரில் இரண்டு பலகை, அவ்வளவுதான். பத்து பகாட்டில் செய்த ஹப் செங் பிஸ்கட் டின்னில் மாவு இருக்கும். மைலோ டின்னில் பருப்பு இருக்கும். விளக்கு அணைந்துவிட்டாலும் அம்மா கைநீட்டி உப்பை எடுப்பார். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், அந்த இடத்தில் அந்தப் பொருள் மட்டும். ஆயிரக்கணக்கில் கொடுத்து அலமாரி போட்டாலும் இந்த ஒழுங்கு தானாக வந்துவிடாது.

அளவு நாடாவும் கட்டம் போட்ட தாளும்

இரண்டாவது வேலை அளப்பது. பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு தாள் கிழித்துக்கொள்ளுங்கள். ஓர் அடிக்கு ஒரு கட்டம். கதவு, சன்னல், குழாய், மின்சார பிளக், அடுப்பு, ஐஸ் பெட்டி எல்லாம் எங்கே இருக்கின்றன என்று குறியுங்கள். ஐஸ் பெட்டியின் கதவும் அலமாரிக் கதவும் எவ்வளவு தூரம் திறக்கும் என்பதையும் வரையுங்கள். புதிய அலமாரி வந்த பிறகு ஐஸ் பெட்டியின் கதவு பாதிதான் திறக்கிறது என்று தவிக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

சிறிய சமையலறை என்று கவலைப்படாதீர்கள். ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் 1926-இல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர், தொழிலாளர் குடும்பங்களுக்கென ஒரு சமையலறையை வடிவமைத்தார். ஏறக்குறைய 6.5 சதுர மீட்டர், அதாவது 70 சதுர அடிதான். ஒரு பெண் சமைக்கும்போது எத்தனை எட்டு நடக்கிறாள் என்று கணக்கிட்டு, நடை குறையும்படி ஒவ்வொன்றுக்கும் இடம் வைத்தார். அரிசி, சர்க்கரை போன்றவற்றுக்குப் பெயர் எழுதிய சிறு அலுமினிய இழுப்பறைகள். மாவுக்கு மட்டும் புழு எளிதில் அண்டாத ஓக் மரப் பெட்டி. இப்படிச் சுமார் பத்தாயிரம் சமையலறைகள் அந்த நகரில் எழுந்தன. இன்று உலகெங்கும் போடப்படும் சுவரோடு ஒட்டிய அலமாரிகளுக்கு அது ஒரு முன்னோடி. நம் நாட்டில் 1984-இல் வந்த சீர்மைக் கட்டட விதிகளும் சமையலறை குறைந்தது 4.5 சதுர மீட்டர் இருந்தால் போதும் என்கின்றன. ஆகவே, இடம் சிறியதென்று நொந்துகொள்வதைவிட, இருக்கிற இடத்தில் எதை எங்கே வைக்கிறோம் என்று பார்ப்பதே முக்கியம்.

நீங்களும் ஒருநாள் சமையலின்போது எட்டுகளை எண்ணிப் பாருங்கள். அடுப்பு, பாத்திரம் கழுவும் சிங்க், ஐஸ் பெட்டி ஆகிய மூன்றுக்கும் இடையேதான் நம் நடையெல்லாம். மேடையின் உயரத்தையும் கடைக்காரர் சொல்கிறபடி விட்டுவிடாதீர்கள். நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்குங்கள். முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே மேடை இருந்தால் முதுகு வலிக்காது. மாவரைக்கும் கிரைண்டர் போன்ற கனமானவற்றை அடிக்கடி தூக்காதபடி ஒரே இடத்தில் நிறுத்துங்கள்.

வெள்ளத்துக்கு ஒரு கோடு

மகள் காட்டும் படங்களில் இல்லாத ஒன்று நம் ஜோகூரில் இருக்கிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி அடுத்தடுத்து இருமுறை மூழ்கியது. 2011-இல் சிகாமட் மூழ்கியது. 2023 மார்ச்சில் மாநிலத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. பத்து பகாட் வட்டாரத்தில் தண்ணீர் வடியவே பல நாளாயிற்று.

ஆகவே சகோதரி, உங்கள் வீட்டில் தண்ணீர் எதுவரை வந்ததோ, அதற்கு ஓர் அடி மேலே சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். நீங்கள் போடப்போகும் சமையலறைத் திட்டம் அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கோட்டுக்குக் கீழே மரத்தூளை அழுத்திச் செய்த பலகையே வேண்டாம். வெளியே பளபளவென்று ஒட்டியிருந்தாலும், ஓரத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் உப்பிவிடும். காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. செங்கல் வைத்துக் கட்டி ஓடு பதித்த தட்டுகள், அல்லது அலுமினிய அலமாரி போடுங்கள். தண்ணீர் வந்தாலும் சேற்றைக் கழுவித் துடைத்துவிடலாம். அங்கே பானை, சட்டி, எவர்சில்வர் பாத்திரம் இருக்கட்டும். அரிசி, மாவு, பருப்பு, மிக்ஸி எல்லாம் கோட்டுக்கு மேலே. தாழ்வாக உள்ள பிளக்குகளையும் மேலே மாற்றுங்கள். இதை எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேன்தான் செய்ய வேண்டும். தெரிந்த பையனைக் கூப்பிட்டுச் செய்யும் வேலையல்ல.

வெள்ளம் வராத வீடானாலும் சிங்க்குக்கு அடியில் குழாய் கசியும். அந்த இடத்துக்காவது பலகையைத் தவிருங்கள்.

எரிவாயுத் தோம்பை மூடிய அலமாரிக்குள் ஒளித்து வைக்காதீர்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கிவிடும். காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள்; வெள்ள எச்சரிக்கை வந்தால் வால்வை மூடிவிடுங்கள். ரப்பர்க் குழாயில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வெள்ள நீர் பட்ட அரிசி, மாவு, திருகு மூடி போட்ட பாட்டில் சாமான் எதையும் ‘வீணாகிறதே’ என்று காயவைத்துப் பயன்படுத்த வேண்டாம். மனசு கேட்காதுதான், ஆனாலும் எறிந்துவிடுங்கள்.

அடுக்கும் முறை

புதிதாக வாங்கியதைப் பின்னால் வையுங்கள். பழையதை முன்னால் இழுங்கள். டப்பாவில் வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் மாவும் மசாலாவும் சீக்கிரம் கட்டிபிடிக்கும். ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்து வைக்காமலிருப்பதே சிக்கனம். புதிதாக வாங்கிய மாவை ஐஸ் பெட்டியின் உறைநிலைத் தட்டில் நாலு நாள் வைத்தெடுத்தால், அதிலிருக்கும் வண்டு முட்டைகள் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஈரம் காயவிட்டு, பிறகு டப்பாவில் கொட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கை. எறும்பு ஏறாமலிருக்க அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது நம் பாட்டிமார் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தத் தெளிந்த நீரில்தான் டிங்கிக் காய்ச்சல் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஒரு வாரத்தில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். வாரம் இருமுறை கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவித் தண்ணீரை மாற்றுங்கள். பாத்திரம் வடிக்கும் தட்டையும் ஐஸ் பெட்டியின் பின்தட்டையும் மறந்துவிடாதீர்கள்.

சுவரைப் பற்றி வீட்டுக்காரருக்கு

பின்சுவரை உடைப்பது நம் வீடு, நம் இஷ்டம் என்று நினைக்க வேண்டாம். 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி, கட்டடத்தை மாற்றவோ நீட்டவோ ஊராட்சி மன்றத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் பின்சந்தை நோக்கி நீட்டினால் அபராதமும் வரலாம், கட்டியதை இடிக்கும்படி உத்தரவும் வரலாம். நகராண்மைக் கழகத்துக்கு ஒரு நடை போய் விசாரித்துவிடுங்கள். வீடு பழையதாக இருந்து கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால், அதை அறுக்கவோ உடைக்கவோ துளைக்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

இன்னும் தோட்டத்து வீட்டில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வீடு தோட்டத்துடையது. கூரை ஒழுகினாலும் சுவர் வெடித்தாலும், 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டப்படி, அதைப் பழுதுபார்ப்பது முதலாளியின் கடமை. நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். உங்கள் காசைச் சுவரில் போடாமல், வீடு மாறினால் கூடவே எடுத்துப் போகக்கூடிய தனி அலமாரி, எவர்சில்வர் அடுக்குத் தட்டு இவற்றில் போடுங்கள்.

குத்தகையாளர் விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒருமுறை பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தேன். சிரித்த முகத்தோடு வாங்கிப் போனவர் பழைய அலமாரியைப் பெயர்த்துப் போட்டதோடு சரி. ஆறு வாரம் ஆளையே காணோம். தரையில் அடுப்பை வைத்துச் சமைத்தேன். அதன் பிறகு கற்றது இது: மூன்று பேரிடம் எழுத்தில் விலை கேளுங்கள். எந்தப் பொருள், என்ன அளவு, எந்தத் தேதிக்குள் என்று தாளில் இருக்கட்டும். முன்பணம் கொஞ்சமாகக் கொடுத்து, மீதியை வேலை முடிய முடியத் தவணையாகக் கொடுங்கள். பத்தில் ஒரு பங்கு, கடைசிக் கதவும் ஒழுங்காக மூடிய பிறகுதான்.

அப்படியும் ஏமாற்றப்பட்டால் வாயடைத்து உட்கார வேண்டாம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. ஐம்பதாயிரம் வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டு போகலாம். பதிவுக் கட்டணம் ஐந்து வெள்ளிதான், வழக்கறிஞர் வேண்டாம். ரசீதும் எழுதிய தாளும் இருந்தால் போதும்.

சகோதரிக்கு என் பதில்

இந்தச் சீட்டில் சுவரைத் தொடாதீர்கள். முதலில் பிளக்குகளை மேலே மாற்றுங்கள். இரண்டாவது, உப்பிய கீழ் அலமாரியை எடுத்துவிட்டு ஓடு பதித்த தட்டோ அலுமினியமோ போடுங்கள். மூன்றாவது, மேல் அலமாரி நன்றாக இருந்தால் கதவை மட்டும் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பழையது என்பதற்காகக் கழற்ற வேண்டாம். ஐந்தில் ஒரு பங்கு பணத்தை எதற்கும் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். எந்தப் பழுது வேலையிலும் நினைக்காத செலவு ஒன்று வந்தே தீரும். சுவரை உடைக்கும் யோசனை அடுத்த சீட்டுவரை காத்திருக்கட்டும். காலி செய்து, அளந்து, அடுக்கிய பிறகு அது தேவைதானா என்று உங்கள் வீட்டுக்காரரே சொல்வார்.

மகளையும் கூப்பிட்டு அந்தக் கட்டத் தாளை அவள் கையால் வரையச் சொல்லுங்கள். கைப்பேசிப் படத்தில் இருப்பது யாருடைய சமையலறையோ. தாளில் அவள் வரைவது அவள் அம்மாவுடையது.

வேலை முடிந்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள், சகோதரி. மற்றவர்களும் உங்கள் வீட்டில் மூடியில்லாத டப்பா எத்தனை கிடைத்தது என்று எழுதுங்கள். என் பதினான்கை யார் முறியடிக்கிறார்கள் என்று பார்ப்போம்!

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.