அந்த 10 வீதம் யாருக்கு?

பழைய இத்தாலியன் ரெஸ்டோரண்ட் ஒன்றுக்குத் திரும்பப் போய்வந்து எழுதப்படும் விமர்சனங்களைக் கவனித்திருப்பீர்கள். பாஸ்தா நல்லம், பீட்சாவின் ஓரம் பதமாகக் கருகியிருந்தது, டிரமிசு கொஞ்சம் இனிப்புக் கூட. பிறகு கடைசிப் பந்தியில் எல்லாரும் ஒரே வசனத்துக்கு வந்துவிடுவார்கள்: "என்ன இருந்தாலும் அந்தக் கனிவான சேவைக்காகவே திரும்பத் திரும்பப் போகலாம்." பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். போன முறை இருந்த அதே மேசையைத் தந்தார்களாம். கேட்க முதலே தண்ணீர் வந்ததாம். அஞ்சுக்கு அஞ்சு நட்சத்திரம். கதை முடிஞ்சுது.

எனக்குப் பிரச்சினை அந்தக் கடைசிப் பந்தியோடதான். அது பொய் எண்டு நான் சொல்ல வரேல்ல. கொழும்பில் இருபது வருடம் தாக்குப்பிடித்த இத்தாலியன் உணவகங்கள் சில இருக்கின்றன. அங்கே கிடைக்கிற கனிவு உண்மையானது. ஆனால் அந்தக் கனிவுக்கு ஒரு விலை இருக்கு. அந்த விலையை நாங்கள் பில்லில் தனி வரியாகக் கட்டுறம். அது யாருடைய கைக்குப் போகுது எண்டு மட்டும் ஒருத்தரும் கேட்கிறதில்லை. கேட்காமல் நட்சத்திரம் போடுகிறவர், தான் காசு கட்டி வாங்கிய பொருளில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்.

முதலில் இந்தக் "கனிவு" எண்டுறது என்ன வேலை எண்டு பாப்பம்.

எங்கட ஆக்கள் ஆறு பேர் ஒரு இத்தாலியன் ரெஸ்டோரண்டில் போய் இருந்தால் அந்த மேசை எப்பிடி இருக்கும்? ஒருத்தர் மாடு சாப்பிடமாட்டார். ஒருத்தர் பன்றி தொடமாட்டார். ஒருத்தருக்கு வெள்ளிக்கிழமை, மரக்கறி மட்டும். இத்தாலியன் மெனுவோ இந்த மூன்று பேருக்குமே கண்ணிவெடி. கார்பனாராவில் இருப்பது பன்றி. பொலோனேஸில் பெரும்பாலும் மாடு. "தக்காளி சோஸ்தானே" எண்டு புட்டனெஸ்காவை எடுத்தால் அதுக்குள்ள நெத்தலி மாதிரி ஒரு மீன், அஞ்சோவி. ரிசோட்டோவில் பல இடங்களில் வைன் ஊற்றுவார்கள். அசல் பார்மசான் சீஸ்கூட கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற ஒரு நொதியத்தால்தான் உறைய வைக்கப்படுகிறது. இவ்வளவும் மெனுவில் எழுதியிருக்காது. மேசைக்கு வருகிற ஆளின் தலைக்குள்தான் இருக்கும்.

போன மாதம் அப்படியொரு பழைய இடத்துக்குத் திரும்பவும் போயிருந்தோம். எங்களுக்குப் பரிமாறிய அண்ணா அதுவரை இங்கிலிஷிலதான் கதைச்சுக்கொண்டிருந்தார். நாங்கள் தமிழில் மெனுவோட மல்லுக்கட்டுறதைக் கேட்டதும், என் தோழியின் பக்கம் குனிந்து மெதுவாக, "தங்கச்சி, அதுல பன்னி இருக்கு, நீங்க இத எடுங்க" என்றார். மற்ற மேசைகளுக்குக் கேட்கவில்லை. அவளுடைய முக்காட்டைப் பார்த்து ஊகித்ததையும் அவர் காட்டிக்கொள்ளவில்லை. பண்டாரவளைப் பக்கம் எண்டு பிறகு சொன்னார். கொழும்பில் மேசை துடைக்கிற, தட்டுத் தூக்குற, கோப்பி போடுற எத்தனையோ பெடியள், பிள்ளையள் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறார்கள். ஹட்டன், பதுளை, நுவரெலியா. வேலையில் இங்கிலிஷ், மனேஜரோட சிங்களம், குசினிக்குள்ள தமிழ். ஒரு நாளில் மூன்று மொழியில் மரியாதையாக இருக்க வேண்டிய வேலை அது.

இதைத்தான் விமர்சனத்தில் "நல்ல சுபாவம்" எண்டு எழுதுகிறார்கள். சுபாவம் இல்லை, அது தொழில் தெரிஞ்ச திறமை. தச்சுவேலை மாதிரி, தையல் மாதிரி வருசக்கணக்கில் பழகி வருவது. பழைய ரெஸ்டோரண்டில் மட்டும் அது கிடைப்பதற்குக் காரணமும் அதுதான்: அங்கே ஆட்கள் நிலைத்திருக்கிறார்கள். சுவரில் தொங்குகிற வெனிஸ் படமோ சிவப்புக் கட்டம் போட்ட மேசைத்துணியோ உங்கள் பெயரை ஞாபகம் வைத்திருப்பதில்லை. அதே இடத்தில் பத்து வருடம் நின்ற ஒரு மனுசன்தான் வைத்திருக்கிறார்.

நிலைத்திருப்பது சும்மா நடக்கிற விசயமா? 2022இல் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். ஹோட்டல் வேலை பழகியவர்களுக்கு டுபாயும் மாலைதீவும் கட்டாரும் எப்போதும் கதவைத் திறந்துதான் வைத்திருக்கின்றன. போகாமல் இங்கே நிற்கிறவருக்கு என்ன கிடைக்குது? தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபா, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. கொழும்பில் ஒரு அறை வாடகை, பஸ் காசு, ஊருக்கு அனுப்புகிற காசு எல்லாம் போட்டுப் பாருங்கள். அடிப்படைச் சம்பளத்தை நம்பி யாரும் இந்த வேலையில் பத்து வருடம் நிற்க முடியாது. நிற்க வைப்பது அந்த 10 வீதம், பில்லில் இருக்கிற சேவிஸ் சார்ஜ்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பேச்சுக்கு, ஒரு இரவில் 40 பில், ஒரு பில் சராசரி 10,000 ரூபா எண்டு வைப்பம். சேவிஸ் சார்ஜ் மட்டும் ஒரு இரவுக்கு 40,000. மாதத்துக்கு 12 லட்சம். மேசையில் நிற்கிறவர், குசினியில் வெந்துகொண்டு நிற்கிறவர், பாத்திரம் கழுவுகிற அக்கா எல்லாமாக 24 பேர் எண்டால், தலைக்கு 50,000 ரூபா. ஆகக்குறைந்த சம்பளத்தை விடப் பெரிய தொகை. இந்தக் காசு முழுசாக அவர்களுக்குப் போகிற இடத்தில் ஒருவர் வீடு கட்டலாம், பிள்ளையைப் படிப்பிக்கலாம், நிற்கலாம். போகாத இடத்தில் அடுத்த விசா வரும்வரைதான் நிற்பார். இரண்டு இடத்திலும் உங்கள் பில் ஒரே மாதிரித்தான் இருக்கும். வித்தியாசத்தை அந்தத் தாள் உங்களுக்குச் சொல்லாது.

கம்பஸ் கிடைக்க முதல் எட்டு மாதம் ஒரு ரெஸ்டோரண்டில் வேலை செய்த நண்பன் ஒருவன் இருக்கிறான். அவன் வேலை செய்த இடத்தில் சேவிஸ் சார்ஜ் "புள்ளி" முறையில் பிரிபட்டது. மனேஜருக்கு இத்தனை புள்ளி, பழைய ஆளுக்கு இத்தனை, புதுப் பெடியனுக்கு இத்தனை. அது நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் மொத்தத் தொகை எவ்வளவு எண்டு ஒருத்தருக்கும் காட்டமாட்டார்களாம். உடைந்த கிளாஸ், காணாமல் போன கரண்டி எல்லாத்துக்கும் அதிலிருந்தே வெட்டுவார்களாம். "மொத்தம் தெரியாட்டி என்ர பங்கு சரியோ பிழையோ எண்டு எப்பிடிடா கேக்கிறது?" என்றான். இந்தக் கேள்விக்கு எந்த உணவு விமர்சகரும் இதுவரை நட்சத்திரம் போட்டதாக எனக்குத் தெரியாது.

இங்கேதான் "விருந்தோம்பல்" என்ற சொல் வந்து விளையாடும். எங்கட பண்பாடு, எங்கட மரபு எண்டு அழகாகச் சொல்லுவார்கள். சரி, விருந்தோம்பல் நல்ல விசயம்தான். ஆனால் அது வீட்டுக்காரர் விருந்தாளிக்குச் செய்வது. தன் சோற்றைத் தான் பகிர்வது. ரெஸ்டோரண்டில் சோறும் அவருடையது இல்லை, வீடும் அவருடையது இல்லை. அவர் செய்வது வேலை. வேலையை விருந்தோம்பல் எண்டு கூப்பிட்டால் முதலாளிக்கு இலாபம், ஏனென்றால் விருந்தோம்பலுக்கு யாரும் சம்பளம் கேட்கக்கூடாதுதானே!

"அப்ப டிப்ஸ் குடுங்கோவன், பிரச்சினை முடிஞ்சுது" எண்டு சிலர் சொல்லுவினம். கையில் குடுக்கிற காசு நல்லதுதான், குடுங்கள். ஆனால் அதையே ஏற்பாடாக மாற்றிய நாடு எப்படி இருக்கு எண்டு பாருங்கள். அமெரிக்காவில் டிப்ஸ் வாங்குகிற தொழிலாளிக்கு முதலாளி நேரடியாகக் குடுக்க வேண்டிய தேசிய ஆகக்குறைந்த கூலி மணிக்கு 2.13 டொலர். 1991இலிருந்து அது ஒரு சதம் ஏறவில்லை. மிச்சத்தை வாடிக்கையாளரின் மனநிலை தீர்மானிக்கிறது. குடித்துவிட்டுக் கையைப் பிடிக்கிறவனைப் பார்த்தும் ஒரு பெண் சிரித்துத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அந்தச் சிரிப்புத்தான் வாடகை. அதற்குக் கனிவு என்று பெயர் வைக்க எனக்கு வாய் வராது.

"அப்ப சேவிஸ் சார்ஜை எடுத்துவிடுங்கோ" எண்டு இன்னொரு கூட்டம். இந்தியாவில் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார்கள். 2022 ஜூலையில் நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரசபை, பில்லில் தானாகச் சேவைக் கட்டணம் சேர்க்கக்கூடாது என்று அறிவித்தது. 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. வாடிக்கையாளருக்குச் சந்தோசம். ஆனால் அந்தக் காசை நம்பியிருந்த தொழிலாளிக்குப் பதிலாக என்ன கிடைக்கும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

எங்களுக்குப் பொருத்தமான வழி மூன்றாவது. பிரித்தானியாவில் பீட்சா எக்ஸ்பிரஸ் என்ற நிறுவனம் 1965இல் லண்டன் சோஹோவில் தொடங்கியது. ஐம்பது வருடத்துக்கும் மேலான பழைய பெயர். 2015இல் அது, கார்டில் குடுக்கிற டிப்ஸில் 8 வீதத்தை நிர்வாகச் செலவு எண்டு எடுத்துக்கொள்வது பெரிய பிரச்சினையானது. தொழிற்சங்கம் கடை வாசலில் நின்று கத்தியது, பத்திரிகைகள் எழுதின, நிறுவனம் அந்த வெட்டைக் கைவிட்டது. 2023இல் சட்டமே வந்தது. 2024 ஒக்டோபரிலிருந்து டிப்ஸும் சேவைக் கட்டணமும் முதலாளியின் வெட்டு இல்லாமல் தொழிலாளிக்குப் போய்ச் சேர வேண்டும். எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று எழுத்தில் இருக்க வேண்டும். தொழிலாளி கேட்டால் பதிவைக் காட்ட வேண்டும். என் நண்பன் கேட்ட கேள்விக்கு அங்கே சட்டத்தில் பதில் இருக்கு.

இத்தாலியையே எடுத்தாலும், அங்கே பல உணவகங்களில் பில்லில் "கொப்பெர்த்தோ" எண்டு தலைக்குச் சில யூரோ போடுவார்கள். அது பாணுக்கும் மேசைக்கும். டிப்ஸ் கட்டாயம் இல்லை. பரிமாறுகிறவர் கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் சம்பளம் வாங்குகிற தொழிலாளி, வருடத்துக்குப் பதின்மூன்றாம், பதினான்காம் மாதச் சம்பளமும் உண்டு. நரைத்த தலையோடு அதே ட்ரத்தோரியாவில் முப்பது வருடம் நிற்கிற மனிதர்கள் அங்கே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதைச் சொர்க்கம் என்று சொல்லவில்லை. ஒப்பந்தமே இல்லாமல் கறுப்பில் வேலை வாங்குவதும் அங்கே தாராளமாக நடக்குது. மிலானிலும் நாப்பொலியிலும் பலெர்மோவிலும் குசினிக்குள் நிற்கிற எங்கட நாட்டு ஆக்களைக் கேட்டால் இரண்டு பக்கக் கதையும் சொல்லுவினம். ஆனால் "இத்தாலியன் பாரம்பரியம்" எண்டு மெனு அட்டையில் போடுகிறவர்கள், சமையல் குறிப்பை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு ஒப்பந்தத்தை ஏன் விமான நிலையத்தில் விட்டுவிட்டு வருகிறார்கள்?

"கடை நடத்துறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா" என்று முதலாளிமார் கேட்பார்கள். தெரியும். 18 வீத வற் வரி, காஸ் விலை, டொலர் ஏறினால் சீஸ் விலை. ஆனால் அதெல்லாம் சாப்பாட்டு விலைக்குள் வர வேண்டிய கணக்கு. பாஸ்தா விலையைக் கூட்ட வேணுமெண்டால் கூட்டுங்கள், பிடித்தால் வருவோம். சேவைக்கு எண்டு எங்களிடம் பெயர் சொல்லி வாங்கின காசைக் காஸ் பில்லுக்குக் கட்டாதீர்கள். நேர்மையாகப் பங்கிடுகிற கடைகளும் இருக்கின்றன. அவர்களுக்கு இந்தக் கேள்வி பயமாக இருக்காது. சொல்லப்போனால் விளம்பரம்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். அடுத்த முறை பில் கட்டும்போது, பரிமாறிய பிள்ளையைக் கேட்காதீர்கள். மனேஜர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவருக்கு அது சங்கடம். நேராகக் கவுண்டருக்குப் போய் மனேஜரைக் கேளுங்கள்: "இந்தச் சேவிஸ் சார்ஜ் முழுசா வேலை செய்யிற ஆக்களுக்குப் போகுதா? எப்பிடிப் பிரிக்கிறீங்கள்?" சண்டை வேண்டாம், சாதாரணமாகக் கேட்டால் போதும். பதில் வந்தால் அதை விமர்சனத்தில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் அதையும் எழுதுங்கள். ஒரு ஆள் கேட்டால் சிரிப்பார்கள். ஒரே கிழமையில் இருபது பேர் கேட்டால் பங்கீட்டு விபரத்தைச் சுவரில் ஒட்டவேண்டிய நிலை வரும். அதைச் சட்டமாகக் கேட்கிற வேலை தொழிற்சங்கத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் உரியது. ஆனால் அங்கே சத்தம் கேட்க முதல் மேசையில் கேட்க வேணும்.

உணவு விமர்சனம் எழுதுகிற எங்கட வயது ஆக்களிடம் ஒரே வேண்டுகோள். டிரமிசுவின் இனிப்பைப் பற்றி ஒரு பந்தி எழுத நேரம் இருக்கிறவர்களுக்கு, அந்த 10 வீதத்தைப் பற்றி ஒரு வரி எழுதவும் நேரம் இருக்கும். இனிமேல் அந்த வரி இல்லாமல் "கனிவான சேவை" எண்டு எழுதாதீர்கள்.