முதல் தொட்டியில் என்ன இருக்கிறது?

மோட்டார் சைக்கிளில் மின்னும் பெயர்ப் பட்டை, கார் முகப்பின் சட்டம், குளியலறைக் குழாயின் பிடி ஆகியவற்றில் பல இன்று இரும்பும் அல்ல, பித்தளையும் அல்ல. ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கில் வார்த்து, மேலே முலாம் ஏற்றியவை. முலாம் பட்டறைகள் நிறைந்த பெங்களூர் பீனியாவில் டேங்க் அருகே நிற்பவர்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு. ஆகவே இது நம் வீட்டு விஷயம்.

பிளாஸ்டிக்கின் மேல் உலோகம் சும்மா ஒட்டாது. பூச்சு நிற்க வேண்டுமானால் கொத்தனார் முதலில் சுவரைக் கொத்திவிடுகிறார் அல்லவா? அதைப் போலத்தான் இதுவும். ஏ.பி.எஸ்.ஸுக்குள் கண்ணுக்குத் தெரியாத ரப்பர் துகள்கள் பரவிக் கிடக்கின்றன. குரோமிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த சூடான கரைசலில் சில நிமிடம் முக்கினால், அந்த ரப்பர் கரைந்து நுண்குழிகள் விழும். பின்னால் ஏறும் நிக்கலும் தாமிரமும் அந்தக் குழிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இதற்குத் தொழிலில் ‘எட்சிங்’ என்று பெயர்.

அந்தக் கரைசலில் லிட்டருக்குச் சுமார் 400 கிராம் குரோமிக் அமிலம் இருக்கும். சூடு 60 முதல் 70 டிகிரி. அதிலிருந்து எழும் ஆவியும் தெறிக்கும் துளியும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தைச் சுமந்து வருகின்றன. விரலில் பட்டால் ஆழமான புண், மூச்சில் போனால் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை. அந்த ஓட்டை பெரும்பாலும் வலிப்பதில்லை. அதனால் விழுந்தது கூடத் தெரியாமல் வேலை பார்ப்பவர்கள் உண்டு. நுரையீரல் புற்றுநோய்க்கு இது காரணம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1990-லேயே முதல் வகையில் வைத்துவிட்டது.

டேங்கோடு ஆபத்து நிற்பதில்லை. பீனியாவின் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பதை அரசுத் துறைகளின் ஆய்வுகளே பதிவு செய்திருக்கின்றன. ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாற்று இருக்கிறது

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. கிராமத்துக் கிணற்றில் போடுவோமே, அந்த ஊதா நிறப் பெர்மாங்கனேட்டின் இனமான மாங்கனீசுக் கரைசல்களைக் கொண்டே ஏ.பி.எஸ்.ஸில் குழி விழச் செய்யலாம். பெரிய ரசாயன நிறுவனங்கள் இவற்றை விற்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பர் 21-ஐக் கெடுவாக வைத்து, அதன் பிறகு தனி அனுமதியின்றிக் குரோமிக் அமிலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்றது. அந்த நெருக்கடியில்தான் இந்த ஆராய்ச்சி வேகம் பிடித்தது.

முதலாளிகள் சொல்லும் தடைகளும் பொய்யல்ல. மாங்கனீசுக் கரைசலில் கசடு சேரும். அடிக்கடி கவனிக்க வேண்டும். பொருளைத் தொங்கவிடும் ஜிக்கின் மேலுறையிலும் முலாம் ஏறி நிக்கல் வீணாகும். விலையும் கூடுதல். இன்னொன்று: பெர்மாங்கனேட்டைக் கந்தக அமிலத்தோடு கண்டபடி கலந்தால் வெடிக்கும். பட்டறையில் தானாகச் செய்து பார்க்கும் சமாசாரம் அல்ல இது.

ஆனால் இந்தத் தடைகளெல்லாம் பணத்தாலும் பயிற்சியாலும் தீர்பவை. மூக்கில் விழுந்த ஓட்டை அப்படித் தீராது. ஏற்றுமதிச் சரக்குக்கு ஒரு டேங்க், உள்ளூர்ச் சரக்குக்கு வேறு டேங்க் என்ற நிலை வருமானால், நல்ல காற்று வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மட்டும்தானா என்று கேட்கத்தான் வேண்டும். இங்கும் ஒரு கெடு வேண்டும். சிறு பட்டறைகள் மாறுவதற்குக் கடனுதவியும், கூட்டாகப் பயன்படுத்தும் எட்சிங் கூடமும் அரசு தர வேண்டும்.

ஒரு கண்கட்டு வித்தையையும் சொல்லிவிடுகிறேன். “நாங்கள் மூன்று இணைதிறன் குரோமுக்கு மாறிவிட்டோம்” என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். நல்லதுதான், அந்த வகை குரோமியம் மிகக் குறைந்த நஞ்சு. ஆனால் அவர்கள் சொல்வது கடைசிப் பூச்சு டேங்கைப் பற்றி. எட்சிங் நடக்கும் முதல் டேங்கில் பழைய ஆரஞ்சுக் கரைசலே இருக்கலாம். அதிகாரிகள் சோதனைக்குப் போகும்போது அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மாற்று வரும் வரை செய்ய வேண்டியவை ஒன்றும் ராக்கெட் வேலை அல்ல. டேங்க் விளிம்பிலேயே ஆவியை இழுக்கும் புகைபோக்கி, முழங்கை வரை கையுறை, சாப்பிடத் தனி இடம். கழிவுநீரை அமில நிலையில் சோடியம் மெட்டாபைசல்பைட்டால் பச்சையாக்கி, சுண்ணாம்பு போட்டுப் படியவிட்ட பிறகே வெளியே விடுவது. ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ எழுதிய எச்சரிக்கைப் பலகைக்குப் பக்கத்தில் தமிழிலும் இந்தியிலும் ஒன்று.

தொழில் நோய்க்கு இழப்பீடு தரும் சட்டப் பட்டியலில் குரோமியத்தால் வரும் நோய்களும் உண்டு. ஈ.எஸ்.ஐ. மருத்துவரிடம் போகும் தம்பிகள் “மூக்கில் புண்” என்பதோடு நிறுத்தக் கூடாது. குரோமிக் ஆசிட் டேங்கில் வேலை, இத்தனை வருஷம் என்று சொல்லி, அதைச் சீட்டிலும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.