குளத்துச் சேற்றுக்குத் தனித் தட்டு

தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1981-இல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உருவாக்கிக் காட்டியது. அந்தக் குஞ்சுகளின் முதல் தீனி ஐசோகிரைசிஸ் என்னும் நுண்பாசி. பாசி வளர்க்கும் கான்வே ஊடகத்தில் உப்புகளோடு பி1, பி12 வைட்டமின்களும் சேர்கின்றன. பாசிக்காக இட்ட பி12-ஐ அதே குடுவையில் வாழும் பாக்டீரியாவும் எடுத்துக்கொள்ளும். இதை யாரும் குறித்து வைப்பதில்லை.

குறித்து வைக்க வேண்டும், ஏனெனில் பாக்டீரியா டிஎன்ஏ கட்டிப் பிரிவதற்கும் பி12 தேவைப்படலாம். ஆர்என்ஏவின் கட்டுமான அலகுகளை டிஎன்ஏவுக்கு ஏற்றபடி மாற்றித் தருவது ரிபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ் என்ற நொதி. இதில் மூன்று வகை உண்டு. முதல் வகைக்கு ஆக்சிஜன் கட்டாயம். இரண்டாவதற்கு பி12 இருந்தால் போதும், காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும். மூன்றாவது ஆக்சிஜன் பட்டாலே கெட்டுவிடும்.

சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவிடம் மூன்றும் இருக்கின்றன. இருந்தும் காற்றில்லாச் சூழலில் அது பிரிய முடியாமல் நூல்போல நீள்கிறது. காரணத்தை 2012-இல் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது: அந்த பாக்டீரியா பி12 தயாரிக்கும் வழிக்கே ஆக்சிஜன் தேவை. காற்று நின்றால் வைட்டமின் நிற்கிறது, கூடவே இரண்டாம் வகை நொதியும் முடங்குகிறது. வெளியிலிருந்து பி12 கொடுத்ததும் செல்கள் பழைய நீளத்துக்குத் திரும்பிப் பிரியத் தொடங்கின.

காற்றில்லாச் சூழல் நம் குளங்களிலும் உண்டு. இறால் குளத்தில் ஏரேட்டர் எவ்வளவு ஓடினாலும் கறுத்த அடிச்சேற்றுக்குள் ஆக்சிஜன் இறங்காது. அந்தச் சேற்றை அள்ளி, அகார் தட்டில் தேய்த்து, காற்றுள்ள இன்குபேட்டரில் வைத்து எண்ணுவதே பல ஆய்வகங்களின் வழக்கம். விப்ரியோ இரு சூழலிலும் பெருகக்கூடியது, அதனால் தட்டில் தெரியும். ஹைட்ரஜன் சல்பைடு உண்டாக்கும் சல்பேட் ஒடுக்கிகள் அதில் முளைக்கவே முளைக்காது. குளத்தைக் கெடுப்பவற்றையே விட்டுவிட்ட எண்ணிக்கையை நம்பிப் பண்ணைக்காரருக்கு யோசனை சொல்வது பெரிய தவறு.

பி12 அளவீட்டிலும் கவனம் தேவை. அதற்குப் பயன்படும் லாக்டோபேசில்லஸ் லீக்மன்னி என்ற பாக்டீரியா, டிஎன்ஏவின் அலகுகளான டிஆக்ஸிரிபோசைடுகள் கிடைத்தால் பி12 இல்லாமலே வளரும். டிஎன்ஏ மிகுந்த மீன் விந்துப்பை போன்ற மாதிரிகளில் அளவு கூடுதலாகக் காட்டக்கூடும். மாதிரியின் ஒரு பகுதியைக் காரத்தில் சூடாக்கினால் பி12 அழியும், டிஆக்ஸிரிபோசைடுகள் தாங்கும். இரண்டு அளவுகளின் வித்தியாசமே உண்மையான பி12.

இனி இவ்விதழுக்கு வரும் கட்டுரைகளில் ஊடகத்தில் இட்ட வைட்டமின் அளவு, மாதிரி எடுத்த இடத்தின் கரைந்த ஆக்சிஜன், இன்குபேஷன் காற்றோடா காற்றின்றியா என்ற மூன்றையும் ஆசிரியர் குழு எதிர்பார்க்கும். சேற்று மாதிரி என்றால் காற்றில்லாத் தட்டின் எண்ணிக்கையும் சேர்ந்தே வர வேண்டும்.