குதிரை மாற்றிய கதை

வீணை உள்ள இல்லத்தில் ஒரு குதிரையும் உண்டு. தந்திகளின் இழுப்பையெல்லாம் தாங்கிக்கொண்டு குடத்தின் மேற்பலகையில் அசையாது நிற்கும் சிறு மரத்துண்டுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. அக்குதிரையை மாற்றப் புகுந்து நாம் பட்ட பாட்டை இத்திங்கள் நேயர்களுக்கு எழுதுகிறோம். புத்தூரிலும் திருப்பதியிலும் சித்தூரிலும் வாழும் நம்மவர் வீடுகள் சிலவற்றில், பாட்டியாரோ அன்னையாரோ கொண்டுவந்த வீணை உறையிட்ட கோலத்தில் மூலையில் சாய்ந்திருப்பதைக் கண்டிருக்கிறோம். அவ்வீட்டாருக்கேனும் இது பயன்படும்.

நம் வீட்டு வீணை, நம் மாமியார் தம் இளமையில் வாசித்தது. பலா மரத்தில் தஞ்சாவூரில் செய்தது. திருமணத்தின்போது நம் இல்லத்தரசியுடன் புத்தூருக்கு வந்தது. பத்து வயது நிரம்பிய நம் மகள் சென்ற ஆண்டு அதில் பயிற்சி தொடங்கினாள். இவ்வாண்டுக் கோடையில் அதன் நாதத்தில் ஒரு குறை தோன்றியது. சாரணித் தந்தியை மீட்டினால், உடன் ஒரு குளவி பறப்பது போன்ற இரைச்சலும் கேட்டது. குதிரையின் மேலுள்ள வெண்கலத் தகட்டைப் பார்த்தோம். தந்தி ஓடிய தடம் பள்ளமாய்த் தெரிந்தது. தகட்டின் ஒரு முனையும் சற்றே பெயர்ந்திருந்தது. "குதிரை கெட்டுவிட்டது, புதியது வாங்குவோம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டோம். இருப்புப்பாதை அலுவலகத்தில் பழுதான பொருளுக்கு மாற்றுப் பொருள் கோரிச் சீட்டு எழுதிப் பழகிய கை அல்லவா!

அதே வாரத்தில் பக்கத்துக் குடியிருப்பு இளைஞர் ஒருவர் நம்மைக் காண வந்தார். அவர் வாசிப்பது பாஸ் கிதார். 'பாஸ்' என்றால் பிரயாணச் சீட்டு என்று மட்டுமே அறிந்திருந்த நமக்கு, அது கீழ்ச்சுருதி ஒலிக்கும் நான்கு தந்திக் கிதார் என்று விளக்கினார். அதற்கும் ஒரு குதிரை உண்டு. அவருடையது துருவேறிப் போகவே, படத்தைப் பார்த்து வேறொன்று தருவித்திருந்தார். வந்தது பளபளப்பாகவே இருந்தது. ஆனால் அதன் திருகாணித் துளைகள் பழைய துளைகளோடு பொருந்தவில்லை. தந்திகளுக்கு இடைப்பட்ட தூரமும் வேறாயிருந்தது. "அழகைப் பார்த்தேன் மாமா, அளவைப் பார்க்கவில்லை" என்று வருந்தினார். நாம் அவருக்கு நீண்டதோர் அறிவுரை வழங்கினோம். வழங்கிய பின் நாமே அக்குழியில் விழுந்தோம்.

நாமும் அளவெடுத்தோம். குதிரையின் நீளத்தை எடுத்தோம், அகலத்தை எடுத்தோம், உயரத்தை எடுக்க மறந்தோம். அஞ்சலில் வந்த புதிய குதிரை பழையதைக் காட்டிலும் நெல்லின் பருமன் அளவே உயர்ந்திருந்தது. இதனால் என்ன வந்துவிடப் போகிறது என்று தந்திகளைத் தளர்த்தி, அதை நிறுத்தி, மீண்டும் முறுக்கினோம். இரைச்சல் நின்றது. வெற்றி என்று மகிழ்ந்து அலுவலகம் சென்றோம்.

ஒரு மாதம் கழிந்தது. மாலையில் வீடு திரும்பினால் வீணை ஒலி கேட்பதில்லை. கேட்டால், "பாடம் நிறைய இருக்கிறது அப்பா" என்பாள் மகள். சோம்பல் என்று எண்ணி ஒருநாள் கடிந்துகொண்டோம். அன்றிரவு இல்லத்தரசி மகளின் இடக்கையைப் பிடித்து நம்முன் நீட்டினார். விரல் நுனிகளில் தந்தி அறுத்த கோடுகள் கன்றிச் சிவந்திருந்தன. "எவ்வளவு அழுத்தினாலும் சுரம் சேரவில்லை. எனக்கு வீணை வராது போலிருக்கிறது, அப்பா" என்று சொல்லி அழுதாள் குழந்தை. பிழை செய்தது நாம். பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டது அவள். அச்சொல் நம்மை இன்றும் உறுத்துகிறது.

விடுப்பு எடுத்தோம். வீணையையும், நல்வேளையாக இல்லத்தரசி எறியாமல் துணியில் முடிந்து வைத்திருந்த பழைய குதிரையையும் எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் சென்றோம். வீணை செய்யும் முதியவர் ஒருவர் இரண்டு குதிரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "தம்பி, பழைய குதிரைக்குக் கேடு ஒன்றும் இல்லையே. வெயிலில் பிசின் இளகித் தகடு தூக்கியிருக்கிறது. தகட்டைத் தேய்த்து ஒட்டினால் போதும். இதற்காகவா குழந்தையை அழவிட்டீர்கள்?" என்றார். நாம் தலை குனிந்தோம்.

அவர் வேலை செய்கையில் விளக்கிய செய்தி இது. வீணையில் இருபத்து நான்கு மெட்டுகள் மெழுகின்மேல் நிற்கின்றன. குதிரை நின்ற இடத்தையும் உயரத்தையும் வைத்துக்கொண்டு, செவியால் சுரம் தேர்ந்து, ஒவ்வொரு மெட்டையும் அதற்குரிய இடத்தில் பதிக்கிறார்கள். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். குதிரை உயர்ந்தால் தந்தி மெட்டிலிருந்து விலகுகிறது. விலகிய தந்தியை மிகுதியாக அழுத்தவேண்டும். அழுத்த அழுத்தத் தந்தியின் இறுக்கம் கூடிச் சுரமும் உயர்ந்துவிடுகிறது. ஆகவே உயரம் மாறிய குதிரையை வைத்தால் மேளத்தையும் புதிதாகக் கட்டவேண்டியிருக்கும்.

கிதாரில் நிலைமை நேர்மாறானது. அங்கே மெட்டுகள் மரத்தில் அறைந்தவை, நகரமாட்டா. ஆகவே குதிரைதான் நகரவேண்டும். அமெரிக்கராகிய லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பாஸ் கிதாரில், நான்கு தந்திகளுக்கு இரண்டு தாங்கிகளே இருந்தன. 1957இல்தான் தந்திக்கொரு தாங்கி வந்தது. திருகாணியால் ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் நகர்த்திச் சுரத்தைச் சீர்செய்யலாம். பன்னிரண்டாம் மெட்டுக்கு நேரே தந்தியை மெல்லத் தொட்டு மீட்டும்போது எழும் ஒலியும், அம்மெட்டில் அழுத்தி மீட்டும்போது எழும் ஒலியும் ஒன்றாயிருக்கவேண்டும். அழுத்திய ஒலி மிகுந்தால் தாங்கியைப் பின்னே தள்ளவேண்டும், குறைந்தால் முன்னே கொணரவேண்டும். ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டு இளைஞரிடம் இதைச் சொன்னோம். இம்முறை அறிவுரையாக அன்று, பட்டறிவாக.

குதிரையின் மேற்புறம் ஏன் இத்தனை நுட்பமானது என்பதற்குச் சான்று தந்தவர் சர் சி.வி. இராமன். திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்து, தந்தையாரின் பணி காரணமாக விசாகப்பட்டினத்தில் வளர்ந்தவர். அங்கே பதினோராம் வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். (நாமும் அத்தேர்வு தேறியவரே, அதோடு நின்றுவிட்டோம்.) 1907இல் கல்கத்தாவில் நிதித்துறை அலுவலில் சேர்ந்து, அலுவலக நேரம் போக மிஞ்சிய பொழுதில் ஆராய்ச்சி செய்தார். 1917இல் பேராசிரியரானார். 1921இல் வீணையையும் தம்பூராவையும் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். ஒரு மேற்சுரத்துக்குத் தந்தி அசையாதிருக்கும் புள்ளி எதுவோ, அப்புள்ளியில் மீட்டினால் அச்சுரம் பிறக்காது என்பது மேனாட்டார் கண்ட விதி. நம் வீணையிலோ அதுவும் ஒலிக்கிறது. குதிரையின் மேற்புறம் கூர்மையாக இராமல், அகன்று சற்றே வளைந்திருப்பதே காரணம் என்று அவர் காட்டினார். அவ்வளைவில்தான் நாதம் உயிர் பெறுகிறது. அதில் பள்ளம் விழுந்தாலும் தகடு பெயர்ந்தாலும் நாதம் இரைச்சலாகிறது.

குதிரை மாற்ற எண்ணும் அன்பர்கள் சிலவற்றை மனத்திற் கொள்ளவேண்டும். முதலாவது, பழுது குதிரையில்தானா என்று தேறுங்கள். குறிப்பிட்ட ஒரு மெட்டில் மட்டும் இரைந்தால் மெட்டையும் மெழுகையும் பாருங்கள். வெறுந்தந்தியே இரைந்தால் குதிரையைப் பாருங்கள். இரண்டாவது, கழற்றுமுன் குதிரை நிற்கும் இடத்தைப் பலகையில் மெல்லிய கோட்டால் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, நீளம், அகலம், உயரம், தந்தி இடைவெளி ஆகிய நான்கையும் அளவெடுங்கள். நான்காவது, புதிய குதிரையின் கால் பலகையில் முழுவதும் படிகிறதா என்று ஒரு தாள்துண்டைச் செருகிப் பாருங்கள். தாள் நுழைந்தால் கால் படியவில்லை என்று பொருள். யாவற்றினும் மேலாக, புதியது நிலைபெறும் வரை பழையதை எறியாதீர்கள்.

எலும்பு முறிவுக்குப் புத்தூர்க் கட்டு என்று நாடெங்கும் பெயர் பெற்ற ஊர் நம்முடையது. கட்டுப் போடுகிறவர் முதலில் தடவிப் பார்க்கிறார், பிறகுதான் கட்டுகிறார். இவ்வூரில் இத்தனை ஆண்டு வாழ்ந்தும் தடவிப் பாராமல் கட்டுப் போட்டோம் நாம்.

இருபத்து நான்கு மெட்டுகளோடு வீணையை நிலைப்படுத்திய பெருமையைத் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரின் காலத்துக்கு உரியதாகச் சொல்வது மரபு. தெலுங்கில் நூல் இயற்றிய அம்மன்னர் தமிழ் மண்ணில் பேணிய கருவி, இன்று தெலுங்கு மண்ணில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் ஒலிக்கிறது. பழைய குதிரை பழைய இடத்தில் நிற்கிறது. குழந்தையின் விரல்கள் ஆறிவிட்டன. நேற்று மாலை நாம் வாயிற்படி ஏறுகையில் உள்ளே மாயாமாளவகௌளையின் சரளி வரிசை கேட்டது. இரண்டாம் காலத்தில் ஓரிடம் தவறியது. நாம் ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, அது முடியும் வரை திண்ணையிலேயே அமர்ந்திருந்தோம்.