வாத்தியார் பிள்ளைக்கும் ஒரு குறிப்பேடு

"வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை நோயாளி" என்பது நம்மவர் வாயில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இதனைக் கேட்டுச் சிரிப்போர் பலர். நின்று சிந்திப்போர் சிலர். ஆசிரியத் தொழிலிலே முப்பது ஆண்டுகளைக் கழித்த யானும் இளமையில் சிரித்தவர் வரிசையிலேயே இருந்தேன். பின்னர்ச் சிந்திக்க நேர்ந்தது. அண்மையில் இலண்டன் மாநகரிலிருந்து என் தமக்கையின் மகள் எழுதிய கடிதமொன்று அப்பழமொழியை மீண்டும் நினைப்பூட்டிற்று.

அவள் தன் இல்லத்திலேயே பிறர் பிள்ளைகளைப் பகற்பொழுதிற் பராமரிக்குந் தொழில் செய்பவள். இங்கிலாந்திலே அஃது அரசாங்கப் பதிவும் மேற்பார்வையும் உடைய தொழில். ஒருவர் ஒரே வேளையில் 8 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அறுவரைப் பராமரிக்கலாம். அவருள் பள்ளிப் பருவம் எய்தாத சிறார் மூவருக்கு மேற்படலாகாது என்பது பொது விதி. விதிவிலக்குகளுஞ் சில உள. 2008 ஆம் ஆண்டு முதல் அங்கு நடைமுறையிலுள்ள பாலர் பருவத் திட்டம், பராமரிப்போர் ஒவ்வொரு பிள்ளையின் பேச்சையும், உடலியக்கத்தையும், பிறரோடு பழகும் பண்பையும் அவதானித்து வரல் வேண்டும் என்கின்றது. பிள்ளை இரண்டு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்டிருக்கையில், அதன் வளர்ச்சியைச் சுருக்கமாக எழுதிப் பெற்றோர் கையிற் கொடுத்தலும் கடமையாகும்.

இனி, பராமரிப்பவளுக்குச் சொந்தப் பிள்ளை ஒன்று அதே கூட்டத்தில் இருப்பின் யாது செய்வது? ஈண்டுத்தான் ஒரு விந்தை காண்கின்றோம். மேற்கூறிய எண்ணிக்கையிலே அவள் பெற்ற பிள்ளையும் சேரும். ஆனால், 2006 ஆம் ஆண்டின் சிறுவர் பராமரிப்புச் சட்டம், பெற்றோர் தம் பிள்ளையைப் பேணுதலைப் பராமரிப்புத் தொழிலாகக் கொள்வதில்லை. ஆகவே அப்பிள்ளைக்குக் குறிப்பெழுதும் கடமையும் அவளுக்கு இல்லை. தலையை எண்ணும்போது அகப்படும் பிள்ளை, வளர்ச்சியை எழுதும்போது தப்பிவிடுகின்றது.

"மாமா, மற்றைய பிள்ளைகள் இருவருக்கும் நாடோறும் எழுதுகிறேன். என் மகனுக்கு இரண்டரை வயது. அவனைப் பற்றி ஒரு வரியேனும் எழுதியதில்லை. எழுதவேண்டுமா? எழுதினால் அவனுக்குத் தாயாக இராமல் உத்தியோகத்தராகிவிடுவேனோ?" என்பது அவள் வினா. அவளோடொத்த தொழிலினருள்ளும் இதுபற்றிக் கருத்து வேற்றுமை உண்டாம்.

எழுத வேண்டா என்பாரின் கூற்றை எளிதிற் புறந்தள்ளல் ஆகாது. நாள் முழுவதும் பிறர் பிள்ளைகளை அளந்தெழுதும் கை, தன் பிள்ளையையேனும் அளவாது அணைக்கட்டும் என்பர் அவர். தாய்மடி பரீட்சை மண்டபம் அன்று. எழுத்து வேலை பெருகியதனால் பிள்ளையோடு விளையாடும் நேரம் சுருங்கிற்று என்ற முறைப்பாடும் அங்கு எழுந்ததுண்டு. 2021 ஆம் ஆண்டிலே திருத்தப்பட்ட திட்டமும், மதிப்பீட்டின் பொருட்டுப் பிள்ளையை விட்டு நெடுநேரம் விலகுதலும் அளவிறந்த எழுத்து வேலையும் வேண்டா என்றே வற்புறுத்துகின்றது. இவையெல்லாம் உண்மை. ஆயினும், எழுதாது விடுதலால் நேரும் ஏதமும் ஒன்றுண்டு. அதனை யான் நூலிற் கற்றிலேன், வீட்டிற் கற்றேன்.

கிராமப் பாடசாலையொன்றில் யான் கற்பித்த காலத்தில், புத்தகத்தை முகத்தருகே பிடித்து வாசித்த மாணவன் ஒருவனைக் கண்டு, அவன் தந்தையை அழைத்துக் கண் வைத்தியரிடம் அனுப்பினேன். அதே காலத்தில் என் இளைய மகளும் வீட்டிலே புத்தகத்துள் முகம் புதைத்து வாசிப்பாள். அதனைக் கண்டு, வாசிப்பிலே பிள்ளைக்கு எத்துணை ஈடுபாடு என்று மனைவியிடம் சொல்லிப் பெருமை கொண்டேன். மாணவனிடத்தே நோயாகத் தோன்றியது, மகளிடத்தே புலமையாகத் தோன்றிற்று! கரும்பலகையிலுள்ளதை அவள் பிழைபடப் பார்த்தெழுதுகின்றாள் என்பதை அவளுடைய வகுப்பாசிரியையே கண்டு எனக்குச் சொன்னார். கண்ணாடி அணிந்து திரும்பிய அன்று, வழிநெடுகக் கடைகளின் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாக உரத்து வாசித்துக்கொண்டே வந்தாள். யான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாய் பேசாது பின்னே நடந்தேன்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அன்பு பிள்ளையை முழுதாகக் காண்கின்றது; காண்பதனாலேயே கூறுபடுத்திப் பார்ப்பதில்லை. மேலும், நாடோறும் காண்பவர்க்கு மாற்றம் புலப்படாது. சென்ற மாதம் எழுதியது கையிலிருந்தால் அன்றோ இம்மாதம் நின்றுபோனது எது என்று தெரியும்?

அவதானம் அன்புக்குப் பகையென்று கருதுவோர்க்குச் சான்றோர் சிலரைக் காட்டலாம். சாள்ஸ் டார்வின் 1839 ஆம் ஆண்டிலே பிறந்த தம் தலைமகனைக் குறித்து எழுதி வைத்தார். ஏழாம் நாளிலே உள்ளங்காலைக் காகிதத் துண்டால் தொட்டபோது குழந்தை காலை வெடுக்கென இழுத்ததையும் விரல்களை மடக்கியதையும் அதிற் காணலாம். அக்குறிப்புகள் 1877 இல் ஒரு சஞ்சிகையிலே கட்டுரையாக வெளிவந்தன. சுவிற்சர்லாந்து அறிஞர் பியாஜே தம் மக்கள் மூவரையும் அவதானித்தே குழந்தை அறிவின் படிமுறைகளை ஆராய்ந்தார். அவ்வளவு தொலைவு செல்வானேன்? நம் பிள்ளைத்தமிழ் யாது கூறுகின்றது? தலையசைத்தாடும் செங்கீரை ஐந்தாந் திங்களிலும், கைகொட்டும் சப்பாணி ஒன்பதாந் திங்களிலும், தளர்நடையிட்டு வரும் வருகை ஓராண்டு நிறையும் அளவிலும் அமைவனவாகப் பாட்டியலார் வகுத்தனர். தாயின் நிலையில் நின்று பாடிய புலவர், தாலாட்டும் நாவோடு அளவறியும் கண்ணையும் உடையராய் இருந்தனர். இன்றும் நம் நாட்டிலே பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு தாயின் கையிலேயே இருக்கின்றது.

என் மருமகளின் மகனுக்கு வேறொரு காரணமும் உண்டு. அவன் வீட்டிலே தமிழ் பேசுபவன். உடன் விளையாடுவோர் ஆங்கிலம் பேசுவோர். இருமொழியிற் பழகும் பிள்ளையின் பேச்சு வளர்ச்சியை அறிவதற்கு இரு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். ஆங்கிலச் சொற்களை மட்டும் எண்ணினால் திருந்தப் பேசும் பிள்ளையும் பின்தங்கியதாகத் தோன்றும். அன்றி, "இரண்டு மொழியல்லவா, மெல்லப் பேசுவான்" என்று தேறுதல் கூறியிருந்தால், செவிக்குறையோ பிற குறையோ மறைந்து கிடப்பினும் தெரியாது போகும். அவன் சொல்லும் தமிழ்ச் சொற்களை அவ்வீட்டில் எழுதிவைக்க வல்லார் அத்தாயையன்றி வேறு யாவர்?

ஆயினும், இதனைச் சட்டமாக்குக என்று யான் கூறேன். பெற்றவள் பிள்ளையைப் பற்றி எழுதுவதை அதிகாரி திறந்து பார்த்தல் தகாது. எழுதுபவள் அவளே, வாசிப்பவளும் அவளே. பிள்ளை உறங்கியபின் வாரத்துக்கு மூன்று நான்கு வரிகள் போதும். புதிதாகச் சொன்ன சொல் எது, ஏறிய படி எது, அஞ்சியது எதற்கு என்பன எழுதுக. மற்றைய பிள்ளைகளோடு ஒப்பிட்டு எழுதற்க. மூன்று மாதத்துக்கொருமுறை அதே தொழில் செய்யும் தோழி ஒருத்தியை அழைத்து, "என் பிள்ளையை நீ பார், உன் பிள்ளையை யான் பார்க்கிறேன்" என்று கண்ணை மாற்றிக்கொள்க. என் மகளுக்கு அவ்வகுப்பாசிரியை செய்த உதவி அதுவே.

இவ்வாறே அவளுக்கு மறுமொழி எழுதினேன். தாயாக இருப்பதை விட்டு எழுதச் சொல்லவில்லை. தாயாக இருப்பதனாலேயே எழுது என்றேன். ஐயம் தோன்றினால் மறைக்காது வைத்தியரிடம் செல்; தோன்றாதாயின், அவன் வளர்ந்தபின் அக்குறிப்பேட்டை அவன் கையிற் கொடு. தன் முதற் சொற்கள் தமிழிலே எழுதப்பட்டிருத்தலை அவன் ஒருநாள் வாசித்தறியட்டும்.