கோலாருக்குப் போகும் நம் நீர்



சென்ற மாதம் விடுதி உணவறையில் ஒரு வாதம் எழுந்தது. பெங்களூரின் கழிவுநீரைத் தூய்மை செய்து கோலார்ப் பக்கத்து ஏரிகளுக்கு அனுப்பும் திட்டத்தை மேலும் விரிவாக்குகிறார்களே, அது நல்லதா, கெட்டதா என்பதுதான் கேள்வி. "சாக்கடையை உழவன் தலையில் கட்டுகிறார்கள்" என்றார் ஒருவர். "வறண்ட ஊருக்குத் தண்ணீர் போனால் உமக்கு ஏன் வலிக்கிறது?" என்று சீறினார் மற்றொருவர். மூன்றாமவர், தென்பெண்ணைக்கு வரவேண்டிய நீரைத் திருப்பிவிட்டார்கள் என்று தமிழகத்தின் வழக்கைக் கையில் எடுத்தார். சாம்பார் ஆறிப்போயிற்றே தவிர முடிவு ஏற்படவில்லை. அன்று நான் வாய் திறக்கவில்லை. இன்று எழுதுகிறேன்.

முதலில், அந்த நீர் யாருடையது? நம்முடையதுதான். நாம் காலையில் குளித்துவிட்டு மறந்துபோகும் நீர் அது. காவிரியை நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏற்றி இந்நகருக்குக் கொண்டுவருகிறார்கள். நாளொன்றுக்கு 145 கோடி லிட்டராக இருந்த அளவோடு, 2024 அக்டோபரில் ஐந்தாங் கட்டம் தொடங்கியபோது இன்னும் 77.5 கோடி லிட்டருக்கு வழி செய்தார்கள். ஒரு நகருக்கு வரும் நீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாக வெளியேறும் என்பது பொறியாளர் கணக்கு. ஆகவே காவிரியிலிருந்து எவ்வளவு அதிகம் கொணர்கிறோமோ அவ்வளவுக்குச் சாக்கடையும் பெருகும். அதை என்ன செய்வது? முன்பு அதை முழுதும் தூய்மை செய்யவில்லை. கோரமங்கலப் பள்ளத்தாக்கு வழியே பெல்லந்தூர் ஏரிக்குள் விட்டுவிட்டார்கள். 2017 பிப்ரவரியில் அந்த ஏரியின் மேல் தீ எரிந்ததை உலகமே பார்த்தது. நீர் எரிந்த ஊர் என்ற பெயர் நம் ஊருக்கும் வாய்த்தது!

2018 ஜூனில் இதற்கு ஒரு மாற்று வழி தொடங்கிற்று. கோரமங்கல, செல்லகட்டப் பள்ளத்தாக்குகளின் கழிவைத் தூய்மை செய்து, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் வரை குழாய் வழியே ஏற்றிக் கோலார் மாவட்டத்தின் நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிரப்புவது திட்டம். ஹெப்பாள, நாகவாரப் பள்ளத்தாக்குகளிலிருந்து இன்னொரு 21 கோடி லிட்டர், சிக்கபள்ளாபூர்ப் பக்கம். ஏரியிலிருந்து நேரே இறைத்துப் பாய்ச்சக் கூடாது, நிலத்தடி நீர் ஊறுவதற்கே என்பது விதி. ஊறிய நீரைக் கிணற்றின் வழியே உழவர் எடுத்துக்கொள்ளலாம்.

கோலார் எப்படிப்பட்ட ஊர் என்பது நம் சங்கத்தில் பலருக்குச் சொல்லாமலே தெரியும். தங்கவயலிலிருந்து வந்த தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் பாட்டனார்கள் பூமிக்குள் இறங்கிப் பொன் தோண்டினார்கள். 2001இல் சுரங்கம் மூடிற்று. அதே மாவட்டத்தில் உழவர்கள் பூமிக்குள் இறங்கித் தண்ணீர் தோண்டினார்கள். ஆயிரம் அடிக்கும் கீழே போன ஆழ்குழாய்க் கிணறுகள் அங்கே உண்டு. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அங்கே ஒன்றுமில்லை. முன்னோர் வெட்டிய ஏரிகள்தாம் அந்நாட்டின் ஆறு. அந்த ஏரிகள் வறண்டு கிடந்த நாட்களில், கழிவுநீர் என்றாலும் வாரி அணைத்துக்கொண்டார்கள் என்றால் அதில் வியப்பென்ன?

சென்ற கார்த்திகையில் நண்பர் ஒருவரோடு நரசாபுரம் ஏரியைப் பார்த்து வந்தேன். கரை ததும்ப நீர், கொக்குகள், கரையோரம் பசும்புல். உண்மையைச் சொல்லவேண்டும், மனம் மகிழ்ந்தது. கரைமேல் மாடு மேய்த்த முதியவர் ஒருவர் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசினார். வற்றிக் கிடந்த தம் கிணறு மீண்டும் ஊறுவதாகவும், இரண்டு போகம் தக்காளி வைத்ததாகவும் சொன்னார். குடிப்பதற்கும் அந்தக் கிணற்று நீர்தானோ என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். வீட்டுக்குக் குடிநீர் ஊரிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்தில் காசு போட்டு வாங்குகிறார்களாம். மாடு குடிக்கிறதா என்றேன். மாட்டுக்கு யார் காசு போடுவார் என்று திருப்பிக் கேட்டார்.

அந்தச் சிரிப்புதான் இக்கட்டுரையை எழுதச் செய்தது.

கழிவுநீரைத் தூய்மை செய்வதில் படிகள் உண்டு. முதற்படியில் மண்ணும் கசடும் அடியில் தங்கும். இரண்டாம் படியில் நுண்ணுயிர்கள் கரைந்துள்ள அழுக்கைத் தின்று தீர்க்கும். பார்வைக்கு நீர் தெளிந்துவிடும். நாற்றமும் பெரும்பாலும் போய்விடும். ஆனால் நைட்ரஜனும் பாஸ்பரசும் முழுதும் நீங்குவதில்லை. நோய்க்கிருமிகள் குறையுமேயன்றி ஒழிவதில்லை. சோப்புத் தூள்களின் மிச்சமும் தங்கக்கூடும். கோலாருக்குப் போவது இந்த இரண்டாம் படி நீர். 2018 ஜூலையில் லட்சுமிசாகர ஏரியில் நுரை பொங்கியதும், நீர் அனுப்புவதை நிறுத்த உயர்நீதிமன்றம் ஆணையிட்டதும், வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனதும் நினைவிருக்கலாம். மூன்றாம் படித் தூய்மை வேண்டும் என்று கோலார் உழவர்கள் தொடர்ந்து கேட்டு வருகிறார்கள். அதிகாரிகள் பக்கத்து விடை எளியது: இது குடிநீர் அன்று, பாசன நீர், பாசனத்துக்கு இது போதும்.

இங்கேதான் நான் வேறுபடுகிறேன். வாய்க்காலில் ஓடும்வரை அது பாசன நீராக இருக்கலாம். நிலத்தடியில் இறங்கிவிட்டால் அதற்கு ஏது பெயர்? பாறை இடுக்கில் பாசன நீர் ஒருபுறமும் குடிநீர் மறுபுறமுமாகப் பிரிந்து நிற்பதில்லை. அதே ஊற்றிலிருந்துதான் தக்காளித் தோட்டக்காரரும் எடுக்கிறார், ஊராட்சியின் குடிநீர்க் கிணறும் எடுக்கிறது. குடிநீரில் நைட்ரேட்டு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது நம் நாட்டு வரையறை. அது மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். புளோரைடால் ஏற்கெனவே அவதிப்படும் மாவட்டம் அது. ஒன்று போதாதென்று மற்றொன்றையும் ஏற்றலாமா?

இஸ்ரேல் நாட்டை எடுத்துக்காட்டுவோர் உண்டு. நல்ல எடுத்துக்காட்டுதான். டெல் அவீவ் நகரின் கழிவுநீரைத் தூய்மை செய்து நெகேவ் பாலைக்குக் கொண்டுபோய் வேளாண்மை செய்கிறார்கள். ஆனால் நடுவில் ஒரு வேலை நடக்கிறது. இரண்டாம் படி நீரை மணல்மேடுகளில் ஊறவிட்டு, மாதக்கணக்கில் மணலே வடிகட்டிய பிறகு, மீண்டும் இறைத்து அனுப்புகிறார்கள். கோலாரில் அந்த மணல் எங்கே? மேலே கொஞ்சம் மண். கீழே வெடிப்பு விட்ட பாறை. வெடிப்பின் வழியே இறங்கும் நீருக்கு வடிகட்டி கிடையாது. இயற்கை செய்யாத வேலையை ஆலைதான் செய்யவேண்டும். கடல்நீரைக் குடிநீராக்கும் விலையுயர்ந்த முறையை நான் கேட்கவில்லை. பாஸ்பரசை வீழ்படிவாக்கி, நைட்ரஜனைக் குறைத்து, மணற்படுகையில் வடித்து, கிருமி கொன்று அனுப்புங்கள் என்பதே கேள்வி. இதெல்லாம் பட்டப்படிப்புப் பாடநூலில் உள்ள வேலை. செலவு ஆகும். அதை யார் தருவது? காவிரியைக் குடித்தவர்கள், அதாவது நாம், தண்ணீர்க் கட்டணத்தில் தரவேண்டும். 2024 மார்ச்சில் இந்நகரில் ஆழ்குழாய்கள் வற்றியபோது, குடிநீரில் கார் கழுவினால் ஐயாயிரம் ரூபாய் தண்டம் விதித்தார்கள். தண்ணீருக்கு விலை உண்டு என்று நமக்கும் அப்போது தெரிந்தது.

ஏரி நிரம்பியதைக் கண்டு உழவர் சும்மா இருப்பாரா? ஒரு போகம் வைத்தவர் இரண்டு வைப்பார். கேழ்வரகு விதைத்த நிலத்தில் தக்காளியும் மல்பெரியும் ஏறும். புதுக் கிணறுகள் இறங்கும். பிறகு இன்னும் நீர் வேண்டும் என்பார்கள், இன்னும் குழாய் போடுவார்கள். உழவரைக் குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனால் புதிய ஏரிகளுக்குக் குழாய் நீட்டும் முன், இப்போது நிரம்பிய ஏரிகளைச் சுற்றி எத்தனை கிணறு, என்ன பயிர் என்று கணக்கெடுத்தார்களா? நீரின் சோதனை முடிவை ஒவ்வொரு ஏரிக்கரையிலும் கன்னடத்தில் எழுதி வைத்தால் என்ன? நரசாபுரத்தில் அப்படியொரு பலகை என் கண்ணில் படவில்லை.

தென்பெண்ணையை எடுத்த தோழருக்கும் ஒரு வார்த்தை. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் நீர் தென்பெண்ணையில் சேர்ந்து ஒசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அணையில் நுரை மலைபோல் எழும்போது சாக்கடையை அனுப்புகிறார்கள் என்கிறோம். அந்தச் சாக்கடையைக் கோலாருக்குத் திருப்பினால் நம் நீரைப் பறித்தார்கள் என்கிறோம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாகாது. அதற்காகக் கீழ்க்கரை உழவருக்கு உரிமையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. பல்லாண்டுகளாக அந்தக் கழிவையே நம்பிப் பயிரிட்டவர்கள் அவர்கள். ஆற்றில் எவ்வளவு விடப்படும், எந்தத் தரத்தில் விடப்படும் என்பதை ஏட்டில் எழுதிக் கொடுக்கும்படி கேட்பதே நியாயமான வழக்கு. கோலாரின் முதியவரும் கெலவரப்பள்ளியின் உழவரும் கேட்கவேண்டியது ஒன்றேதான். ஒருவரோடொருவர் மோதிக்கொண்டால் இலாபம் நகரத்துக்கு.

தை விடுமுறைக்கு ஒசூர் வழியாக ஊர் போகும் நண்பர்கள் இருவரேனும், திரும்பும் நாளில் கெலவரப்பள்ளியில் இறங்கி ஒரு புட்டி நீர் எடுத்து, பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள். அதே நாள் நான் நரசாபுரம் போய் ஒரு புட்டி எடுத்து வருகிறேன். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அளக்க எங்கள் ஆய்வுக்கூடத்தில் உள்ள கருவிகள் போதும். பழைய நீர் சோதனைக்கு ஆகாது. ஆகையால் அன்று மாலையே வந்துவிடவேண்டும். முடிவு எதுவாயினும் அடுத்த இதழில் இதே பக்கத்தில் அச்சிட ஆசிரியர் குழுவினர் இசைந்திருக்கிறார்கள்.